குழாய் இல்லாமல் கொட்டகையை நிரப்பினார்! செங்கோட்டை கிட்டப்பாவின் வரலாறு

இந்தக் காலத்தில் வீட்டில் ஒரு சின்ன விசேஷம் என்றாலும் மைக் வேண்டும். பந்தலில் ஐம்பது பேர்தான் இருப்பார்கள். ஆனாலும் இரண்டு ஸ்பீக்கராவது வைத்தாக வேண்டும். மைக் இல்லாவிட்டால் பாடுகிறவருக்குக் கை ஒடிந்தது போல் ஆகிவிடும்.

சுமார் நூறு வருஷங்களுக்கு முன் அப்படி இல்லை. கீற்றுக் கொட்டகையில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடுவார்கள். முன்னால் நாற்காலி, நடுவில் பெஞ்சு, கடைசியில் மண் தரை. மண் தரையில் இருப்பவன் காசு குறைவாகக் கொடுத்தவன். ஆனால், பாட்டு நன்றாகக் கேட்கவில்லை என்றால் முதலில் கூச்சல் போடுகிறவனும் அவன்தான்.

அந்தக் கடைசி மனிதன் வாயைத் திறக்காமல் கேட்கும்படி பாட வேண்டும். மைக் கிடையாது. ஒலிபெருக்கி கிடையாது. தொண்டை ஒன்றுதான் துணை.

அப்படிப் பாடித் தமிழ்நாட்டையும் இலங்கையையும் கட்டிப் போட்டவர் ஒருவர் உண்டு. அவர்தான் எஸ். ஜி. கிட்டப்பா. தென்காசிக்கு மேற்கே, குற்றால மலைச் சாரல் விழுகிற செங்கோட்டையில் பிறந்தவர். 27 வயதில் மறைந்தவர். அவர் குரல் மட்டும் இன்னும் மறையவில்லை.

ராமகிருஷ்ணன் கிட்டப்பா ஆனார்

கிட்டப்பா 1906-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி பிறந்தார். தகப்பனார் கங்காதர அய்யர். தாயார் மீனாட்சி அம்மாள். குழந்தைக்கு இட்ட பெயர் ராமகிருஷ்ணன். கிட்டப்பா என்பது வீட்டில் வழங்கிய செல்லப் பெயர். பிற்பாடு அதுவே ஊரறிந்த பெயர் ஆகிவிட்டது.

அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது. தென்காசியும் குற்றாலமும் பிரிட்டிஷ் சர்க்காரின் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தன. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதிதான் செங்கோட்டை சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. 2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆயிற்று. இப்போது மூன்று ஊர்களும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன.

கிட்டப்பா பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1904-ல், மலையைக் குடைந்து செங்கோட்டையில் இருந்து கொல்லம் பக்கம் ரயில் விட்டார்கள். அதனால் அந்தச் சிறிய ஊருக்கு இரண்டு பக்கமும் வாசல் திறந்தது. நாடகக்காரர்கள் திரையையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போக ரயில்தான் பெரிய துணை.

அவருக்கு ஐந்து வயது முடிவதற்குள் செங்கோட்டையின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. 1911 ஜூன் 17-ந் தேதி, அவ்வூர் வாஞ்சிநாதன் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டார். அந்தச் செய்தி பரபரப்பாகப் பேசப்பட்ட ஊரில்தான் கிட்டப்பா வளர்ந்தார்.

ஆறு வயதில் மேடை

குடும்பம் பெரியது. வருமானம் சிறியது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப் படிக்க வைக்க வசதி இல்லை. அண்ணன்மார் நாடகத்துக்குப் போனார்கள். தம்பியும் பின்னாலேயே போனான்.

அந்த நாளில் நாடக உலகின் தலைமை ஆசிரியராக விளங்கியவர் சங்கரதாஸ் சுவாமிகள். நாடகம் எழுதுவார், பாட்டுக் கட்டுவார், சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து மேடை ஏற்றுவார். அவரது குழுவில் கிட்டப்பா சேர்ந்தார். ஆறு வயது வாக்கில் மதுரையில் முதன்முதலாக மேடை ஏறினார்.

நாடகக் கம்பெனியில் சேர்ந்த பிள்ளைக்குச் சோறு கிடைக்கும், துணி கிடைக்கும், பாட்டும் கிடைக்கும். விளையாட்டு மட்டும் கிடைக்காது. இரவு முழுவதும் நாடகம். பகலில் தூக்கம் போக மீதி நேரம் பாடம். அதட்டலும் அடியும் உண்டு. கிட்டப்பாவுக்குப் பள்ளிக்கூடம், குருகுலம் எல்லாம் அதுதான்.

பெரிய வித்துவான் ஒருவரிடம் பல வருஷம் இருந்து சங்கீதம் படித்தவர் அல்ல அவர். காதால் கேட்டதைத் தொண்டையில் பிடித்துக்கொண்டார். ஆனாலும், பிற்காலத்தில் அவர் ராகத்தை இழுத்துப் பாடும்போது வித்துவான்களே வந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

ஏன் உச்சத்தில் பாடினார்கள்?

அந்தக் கால நாடக நடிகர்கள் எல்லோரும் உச்சக் குரலில் பாடியவர்கள். அதற்குக் காரணம் உண்டு.

பாடகரின் சுருதியைக் கட்டை என்று சொல்வார்கள். ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை வைத்து வந்த கணக்கு இது. ஒரு கட்டை என்றால் ஆண்குரலில் ஆதார சட்ஜம் நொடிக்குச் சுமார் 131 அதிர்வு. ஐந்து கட்டை என்றால் சுமார் 196 அதிர்வு. மேல் சட்ஜம் அதைப் போல் இரண்டு மடங்கு, அதாவது 392 அதிர்வு. அதற்கும் மேலே ஏறினால் ஐந்நூறைத் தாண்டிவிடும்.

சாதாரணமாக ஆண்கள் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள். நாடக மேடையில் நாலு கட்டை, ஐந்து கட்டை வேண்டும். ஐந்து கட்டையில் தொடங்கி அதற்கு மேலும் அனாயாசமாக ஏறுவார் கிட்டப்பா என்று அவரைக் கேட்டவர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள்.

திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கு ஆனால், ஒலியின் வலு நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மூன்று மடங்கு ஆனால் ஒன்பதில் ஒரு பங்கு. கடைசி வரிசைக்குப் போகும்போது மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைக் காது பிடித்துக்கொள்ள வேண்டும்.

மனிதக் காதுக்கு எல்லா ஒலியும் ஒரே மாதிரி கேட்காது. நொடிக்கு 2,000 முதல் 4,000 வரை உள்ள அதிர்வுகள்தான் அதற்கு மிக நன்றாகக் கேட்கும். தணிந்த ஒலி கேட்க வேண்டுமானால் அதிக வலு வேண்டும். உச்சக் குரலைத் திறந்து பாடும்போது, காதுக்குப் பிடித்த அந்தப் பகுதியில் ஒலி நிறைய விழுகிறது. அதனால் அது கூட்டத்தின் சலசலப்பை ஊடுருவிப் போகும்.

குற்றாலத்துப் பேரருவியில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். சீசன் காலத்தில் தண்ணீர் இரைச்சலோடு கொட்டும். பக்கத்தில் நிற்பவர் மெதுவாகப் பேசினால் ஒன்றும் கேட்காது. ஆனால், தூரத்தில் நின்று ஒருவர் உச்சக் குரலில் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிடுவோம்.

நாடகக்காரர்கள் இந்தக் கணக்கைப் படித்தவர்கள் அல்ல. அனுபவத்தால் கண்டுபிடித்தார்கள். கீழே கனமான ஒலியை ஹார்மோனியமும் மிருதங்கமும் பார்த்துக்கொள்ளட்டும். நடிகன் மேலே போய்விட வேண்டும். இது அவர்கள் செய்துகொண்ட வேலைப் பங்கீடு.

கண்ணையா கம்பெனி

சிறுவனாக இருந்த கிட்டப்பாவைப் பெரிய நடிகர் ஆக்கியது கண்ணையா கம்பெனி. அந்த நாளில் காட்சி ஜோடனைக்குப் பெயர் போன கம்பெனி அது. அவர்கள் போட்ட தசாவதாரம் நாடகத்தைப் பார்க்க ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஜோடனையைப் பார்க்க வந்தவர்கள் பாட்டைக் கேட்டு மயங்கினார்கள். கிட்டப்பாவுக்குப் பெண் வேஷமும் பொருந்தியது. ஆண் வேஷமும் பொருந்தியது. மோகினியாக வந்தாலும் கைதட்டல். பரதனாக வந்தாலும் கைதட்டல்.

கண்ணையா கம்பெனியை விட்டு வெளியே வந்த பிறகு ஸ்பெஷல் நாடகங்களில் நடித்தார். ஸ்பெஷல் நாடகம் என்றால், ஒரு கம்பெனியிலும் சேராத நடிகர்களை ஒரு இரவுக்குப் பேசி வரவழைத்து நடத்துவது. ஒத்திகை இருக்காது. ராஜபார்ட் ஒரு ஊரில் இருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறு ஊரில் இருந்து வருவார். மேடையில்தான் சந்திப்பு. ஒருவர் பாட, அடுத்தவர் எதிர்ப்பாட்டுப் பாட வேண்டும். யார் தோற்பது என்று விடியும் வரை போட்டி நடக்கும்.

இலங்கையில் ஒரு ஜோடி

அப்படிப்பட்ட போட்டியில்தான் கிட்டப்பாவுக்குச் சரியான ஜோடி அமைந்தது. கொடுமுடியில் 1908-ல் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் அப்போது இலங்கையில் பெயரோடு நடித்து வந்தார். வறுமையில் வளர்ந்தவர். ரயிலில் பாடிய சிறுமி என்று அவரைச் சொல்வார்கள். குரலோ வெண்கல மணி!

1926-ல் கிட்டப்பா இலங்கைக்குப் போனார். வள்ளி திருமணம் நாடகத்தில் இருவரும் சேர்ந்து நடித்தார்கள். அவர் முருகன், இவர் வள்ளி. இருவருக்கும் உச்சக் குரல். இருவரும் விட்டுக்கொடுக்காதவர்கள். கொட்டகை இரண்டுபட்டது. யார் பாட்டு உயர்ந்தது என்று ஜனங்கள் வழக்காடினார்கள்.

மேடைப் போட்டி மனத்தில் அன்பாக மாறியது. கிட்டப்பா ஏற்கனவே மணமானவர். அது தெரிந்தே சுந்தராம்பாள் அவரை ஏற்றுக்கொண்டார். 1927-ல் திருமணம் நடந்தது. தமிழ்நாட்டில் இந்த ஜோடி போகாத பெரிய ஊர் இல்லை.

பெயரும் பணமும் வந்தன. வீட்டில் அமைதி வரவில்லை. மனவேற்றுமை வளர்ந்து, இருவரும் பிரிந்து வாழ்ந்தார்கள். சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் வெளிவந்து, படித்தவர்களைக் கலங்க வைத்தன.

கிட்டப்பா தேச பக்தர். கதர் கட்டினார். மேடையில் தேசியப் பாட்டும் பாடினார். காங்கிரசுக்கு அந்த நாடக மேடை பெரிய பிரசார மேடையாக இருந்தது.

27 வயதில் முடிவு

இரவெல்லாம் விழிப்பு. பகலெல்லாம் பிரயாணம். ஒரு இரவு போனால் அடுத்த ஊர். தொண்டைக்கு ஓய்வு இல்லை. உடம்புக்கும் ஓய்வு இல்லை. கிட்டப்பாவின் உடல்நலம் கெட்டது. 1933-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி அவர் காலமானார். அப்போது வயது 27.

செய்தி கேட்டு ரசிகர்கள் கதறினார்கள். சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது. வெள்ளைச் சேலை உடுத்தினார். இனி எந்த ஆணோடும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார். 1980-ல் கண் மூடும் வரை அந்த உறுதியை விடவில்லை.

பேசும் படம் தமிழில் 1931-லேயே வந்துவிட்டது. ஆனால், கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. சுந்தராம்பாள் 1935-ல் நந்தனார் படத்தில் ஆண் வேஷம் போட்டு, நந்தனாராகவே நடித்தார். அதற்காக அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தரப்பட்டது என்பது அன்று ஊரெல்லாம் பேச்சு.

அந்தப் படத்தில் சுந்தராம்பாளின் குரல் கடைசி வரிசைக்குப் போனது தொண்டையின் பலத்தால் அல்ல. சினிமாத் திரைக்குப் பின்னால் மறைந்திருந்த ஒலிபெருக்கி அதைக் கொண்டு போயிற்று. கணவருக்குக் கிடைக்காத துணை மனைவிக்குக் கிடைத்தது.

குழாயின் ரகசியம்

அந்தக் காலத்துச் சினிமா ஒலிபெருக்கிகளில் பெரும்பாலானவை குழாய் வடிவம். கோவில் திருவிழாவிலும் அரசியல் கூட்டத்திலும் பல காலம் முழங்கியவையும் தகரக் குழாய்கள்தான்.

குழாய் ஏன்? இரண்டு உள்ளங்கைகளையும் வாயைச் சுற்றி வைத்துக்கொண்டு கூப்பிட்டால், குரல் தூரம் போகிறது அல்லவா? அதே காரணம்தான். ஒலிபெருக்கிக்குள் ஒரு சிறிய தகடு அதிர்கிறது. அது வெறும் காற்றைத் தள்ளினால் பெரும்பாலான பலம் வீணாகும். சிறிய வாயில் தொடங்கிப் படிப்படியாக விரியும் குழாயை முன்னால் வைத்தால், தகடு காற்றை நன்றாகப் பிடித்துத் தள்ளும். சாதாரண ஸ்பீக்கர் தனக்கு வரும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கைத்தான் ஒலியாக மாற்றும். நல்ல குழாய் அதைப் போல் பத்து மடங்குக்கு மேலும் மாற்றும்.

ஆனால் குழாய்க்கு ஒரு குறை உண்டு. தணிந்த ஒலிக்கு அலை நீளம் அதிகம். நொடிக்கு 100 அதிர்வுள்ள ஒலியின் அலை நீளம் சுமார் 3.4 மீட்டர். அதை நன்றாக வெளியே விடக் குழாயின் வாய்ச் சுற்றளவும் ஏறக்குறைய அவ்வளவு வேண்டும். அதாவது வாயின் குறுக்களவு ஒரு மீட்டருக்கு மேல்! ஒன்றரை அடி வாயுள்ள குழாய் நொடிக்கு 240 அதிர்வுக்குக் கீழே பலவீனமாகிவிடும். அதனால்தான் தகரக் குழாயில் பாட்டு கேட்கும்; மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கேட்காது.

உச்சக் குரலுக்கு ஏற்றது. தணிந்த ஒலிக்கு ஏற்றது அல்ல. நாடக மேடையைப் போலவே குழாயும் நடந்துகொண்டது!

அதே 1933-ல்

கிட்டப்பா மறைந்த அதே 1933-ம் ஆண்டில், ஏப்ரல் 27-ந் தேதி, அமெரிக்காவில் ஓர் அதிசயம் நடந்தது. பிலடெல்பியா நகரில் ஒரு பெரிய வாத்தியக் கோஷ்டி வாசித்தது. அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால், வாஷிங்டன் நகரின் மண்டபத்தில் ஜனங்கள் உட்கார்ந்து கேட்டார்கள். மேடையில் வாத்தியக்காரர் ஒருவரும் இல்லை. பெல் சோதனைச் சாலையின் குழாய் ஒலிபெருக்கிகள்தான் இருந்தன. டெலிபோன் கம்பி வழியே வந்த சங்கீதம் மண்டபத்தை நிரப்பியது.

அவர்கள் செய்த தந்திரம் என்ன? எல்லா ஒலியையும் ஒரே குழாயில் திணிக்கவில்லை. நொடிக்கு 300 அதிர்வுக்குக் கீழே உள்ளதைப் பெரிய குழாய்க்குக் கொடுத்தார்கள். மேலே உள்ளதைச் சிறிய குழாய்களுக்குக் கொடுத்தார்கள். வேலைப் பங்கீடு!

இப்படி ஒலியைத் தணிந்தது, உயர்ந்தது என்று பிரித்துக் கொடுக்கும் கருவிக்குக் கிராஸ்ஓவர் என்று பெயர். அதை எங்கே வைப்பது என்பதில் இரண்டு வழி உண்டு.

இரண்டு வழி

முதல் வழி, பலம் கொடுத்த பிறகு பிரிப்பது. ஒரே ஆம்ப்ளிபயர். அதில் இருந்து வரும் பலமான மின்சாரத்தைக் காயிலும் கண்டென்சரும் சேர்ந்த சின்னப் பலகை இரண்டாகப் பிரித்து அனுப்பும். இதற்குத் தனியாக மின்சாரம் வேண்டாம். ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே இருக்கும். இதைப் பாசிவ் கிராஸ்ஓவர் என்பார்கள். 1945-ல் வந்து உலகமெங்கும் சினிமாக் கொட்டகைகளில் புகழ் பெற்ற ஆல்டெக் குழாய் ஒலிபெருக்கியில் இருந்தது இந்த வழிதான்.

இரண்டாவது வழி, பலம் கொடுக்கும் முன்பே பிரிப்பது. மெல்லிய மின்சாரமாக இருக்கும்போதே இரண்டாகப் பிரித்து, தணிந்த ஒலிக்கு ஓர் ஆம்ப்ளிபயர், உயர்ந்த ஒலிக்கு ஓர் ஆம்ப்ளிபயர் என்று தனித் தனியே பலம் கொடுப்பது. இதை ஆக்டிவ் கிராஸ்ஓவர் என்பார்கள். பிரிக்கும் கருவிக்கும் மின்சாரம் வேண்டும். செலவும் கூடும்.

ஒரு குடும்பத்துக்கு உவமை சொல்லலாம். மாதச் சம்பளத்தை ஒரே பையில் போட்டு, வீட்டுக்கு வந்த பிறகு அண்ணனுக்கு இவ்வளவு, தம்பிக்கு இவ்வளவு என்று பிரிப்பது முதல் வழி. இருவருக்கும் தனித் தனி வேலை, தனித் தனிச் சம்பளம் என்பது இரண்டாவது வழி.

எது நல்லது?

குழாய் ஒலிபெருக்கி குறைந்த மின்சாரத்தில் பலமாகப் பேசும். அதன் கூட வைக்கும் தணிந்த ஒலிப் பெட்டிக்கு மின்சாரம் அதிகம் வேண்டும். முதல் வழியில் இரண்டையும் சமன் செய்யக் குழாய்க்குப் போகும் பலத்தைக் குறைத்தாக வேண்டும். குறைத்த பலம் வெறும் சூடாக வீணாகும். ஒலிபெருக்கி சூடேறும்போது பிரிக்கும் இடமும் சற்று நகரும். இரண்டாவது வழியில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு திருகைத் திருப்பினால் போதும்.

இன்னொன்றும் உண்டு. ஒலி ஒரு மில்லி நொடியில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகும். குழாய் நீளமாக இருந்தால், அதன் அடியில் இருந்து வரும் ஒலி சற்றுத் தாமதமாகும். 1930-களின் நடுவில் ஹாலிவுட்டில் இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. எலினார் பவல் என்ற நடிகை காலால் தாளம் தட்டி ஆடுவதில் பெயர் பெற்றவர். அவர் ஒரு முறை தட்டினால் கொட்டகையில் இரண்டு முறை கேட்டது! தணிந்த ஒலி வரும் குழாயும் உயர்ந்த ஒலி வரும் குழாயும் வெவ்வேறு நீளமாக இருந்ததே காரணம். பிறகு குழாய்களையே மாற்றி அமைத்தார்கள். இன்றைய ஆக்டிவ் கருவிகளில் முந்தி வரும் ஒலியைச் சற்று நிறுத்திவைத்து, இரண்டையும் சேர்த்து அனுப்ப முடிகிறது.

அப்படியானால் எல்லோரும் இரண்டாவது வழிக்கே போகலாமா? அவசியம் இல்லை. சிறிய மண்டபம், கோவில் பிராகாரம், வீட்டுக் கூடம் ஆகியவற்றுக்கு முதல் வழியே போதும். கம்பி குறைவு, கோளாறும் குறைவு. இரண்டாவது வழியில் கம்பியை மாற்றிச் செருகிவிட்டால், தணிந்த ஒலி நேராகச் சிறிய குழாய்க்குள் போய், அதன் மெல்லிய தகட்டை ஒரே நிமிஷத்தில் கெடுத்துவிடும். அதனால் அனுபவசாலிகள் ஆக்டிவ் வழியிலும் குழாய்க்கு முன்னால் ஒரு கண்டென்சரைக் காவலுக்கு வைப்பார்கள். பெரிய மைதானம், நிறையப் பெட்டிகள், நன்கு தெரிந்த ஆள் என்றால் ஆக்டிவ் வழி சிறந்தது.

கிட்டப்பாவைக் கேட்க வேண்டுமானால்

கிட்டப்பாவின் குரல் இசைத்தட்டுகளில் இருக்கிறது. அந்தத் தட்டுகளைச் சாவி கொடுக்கும் கிராமபோனில் வைத்து, அதன் குழாயைச் சுற்றி உட்கார்ந்து நம் பாட்டன், பாட்டிமார் கேட்டார்கள். அவர் மறைந்த பிறகும் அவரது குரல் குழாய் வழியாகவே வாழ்ந்தது.

இன்று அந்தப் பாட்டுகளைக் குழாய் ஒலிபெருக்கியில் கேட்க விரும்புகிறவர்கள், எந்த வழியைப் பிடித்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குரலின் நடுவில் வெட்டக் கூடாது. பிரிக்கும் இடத்தில் இரண்டு ஒலிபெருக்கிகள் சேர்ந்து பேசுகின்றன. சேர்க்கை சரியாக இல்லாவிட்டால் அந்த இடத்தில் குரல் உடைந்தது போல் கேட்கும்.

கிட்டப்பா உச்சத்தில் நின்று பாடும் இடங்கள் நொடிக்கு 392, 500 அதிர்வு என்று போகும். அதன் மேல் எழும் கிளை ஒலிகள் ஆயிரக்கணக்கில் போகும். 300 அதிர்வில் பிரித்தால், அந்த உச்சம் முழுவதும் ஒரே குழாயில் வரும். பெரிய குழாய் இருந்தால்தான் இது முடியும். குழாய் சிறியதாக இருந்து, 1,500, 2,000 என்று மேலே பிரிக்க நேர்ந்தால், குரலின் உடம்பு ஒரு பெட்டியிலும் அதன் ஒளி வேறு பெட்டியிலும் போகும். அப்போது சேர்க்கையில் மிகுந்த கவனம் வேண்டும்.

பழைய தட்டில் நொடிக்கு 5,000 அதிர்வுக்கு மேல் பாட்டு அதிகம் இல்லை, இரைச்சல்தான் உண்டு. மிக உயர்ந்த ஒலிக்கு மூன்றாவதாக ஒரு சிறு ஸ்பீக்கரும் தனி ஆம்ப்ளிபயரும் இருந்தால், அதை மட்டும் குறைத்து இரைச்சலை அடக்கலாம். குரலுக்குக் கேடு வராது. பழைய பாட்டுக்கு ஆக்டிவ் வழி தரும் பெரிய நன்மை இது.

இன்றைய பாடகருக்கு மைக் இருக்கிறது. பலம் கொடுக்க ஆம்ப்ளிபயர் இருக்கிறது. பங்கிட்டுக் கொடுக்கக் கிராஸ்ஓவர் இருக்கிறது. ஒரு கட்டையில் மெல்லப் பாடினாலும் ஊர் முழுவதும் கேட்கும். அதனால் இப்போது யாரும் ஐந்து கட்டைக்கு ஏறி உடம்பைக் கரைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது நல்ல காரியமே.

செங்கோட்டையில் பிறந்த அந்த ஏழைப் பிள்ளைக்கு இந்த வசதி ஒன்றும் இல்லை. பலம் கொடுக்க வேண்டியதும் அவர்தான். பங்கிட வேண்டியதும் அவர்தான். மண் தரையில் உட்கார்ந்திருந்த கடைசி ரசிகனுக்குப் பாட்டைக் கொண்டு சேர்க்க வேண்டியதும் அவர்தான். அவர் ஒரு நாளும் அந்தக் கடைசி ரசிகனை ஏமாற்றவில்லை!